சிலிக்கா உருண்டைகளில் செயற்கை ஓபல்: சாயம் இல்லாமல் பச்சை பிடிக்கும் வழி

ஒளியை வழிமறிக்கும் நானோ அமைப்பு என்றதும் எலெக்ட்ரான் கற்றையால் செதுக்கும் விலை உயர்ந்த கருவிகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மெட்டாமெட்டீரியல் (இயற்கைப் பொருளில் இல்லாத ஒளிப்பண்புக்காக நுண்வடிவங்களால் கட்டிய பொருள்) செய்யப் பெரும்பாலும் அவை வேண்டும்தான். ஃபோட்டானிக் படிகத்தில் (குறிப்பிட்ட அலைநீள ஒளியைத் தடுத்துத் திருப்பும் ஒழுங்கான நுண் அடுக்கு) ஒரு வகை மட்டும் ஒரு கூம்புக் குடுவை, ஒரு ஸ்டிரர், கொஞ்சம் பொறுமை இருந்தால் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே கிடைத்துவிடும்: ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் தாமாகவே அடுக்கிக்கொண்டு உண்டாக்கும் ஓபல் படலம். இயற்கை ஓபல் கல்லின் நிறத்துக்கும் இதுவே காரணம் என்பதை 1964இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். உருண்டை செய்யும் முறை 1968இல் ஸ்டோபர், ஃபிங்க், போன் மூவரும் வெளியிட்டது. ஃபோட்டானிக் படிகம் என்ற கருத்தே 1987இல் யாப்லொனோவிச், ஜான் இருவரின் தனித்தனிக் கட்டுரைகளோடுதான் சூடு பிடித்தது. செய்முறை அதற்கும் மூத்தது.

முதலில் கணக்கு. எந்த நிறம் வேண்டும் என்று முடிவு செய்யாமல் குடுவையைத் தொட வேண்டாம்.

உருண்டைகள் நெருக்கமாக அடுக்கும்போது 74 சதவீத இடம் சிலிக்கா, 26 சதவீதம் காற்று. சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.45 என்று வைத்தால் படலத்தின் சராசரி எண் சுமார் 1.35. ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, விட்டத்தில் 0.816 பங்கு. நேராகப் பார்க்கும்போது திரும்பி வரும் அலைநீளம், இடைவெளியை இரட்டித்து சராசரி எண்ணால் பெருக்கியது. மொத்தத்தையும் சுருக்கினால் விட்டத்தைப் போல 2.2 மடங்கு. 200 நானோமீட்டர் உருண்டை 440இல் நீலம், 250 என்றால் 550இல் பச்சை, 280 என்றால் 616இல் ஆரஞ்சுச் சிவப்பு. சாய்த்துப் பார்த்தால் நிறம் நீலத்தை நோக்கி ஓடும்: அதே 250 நா.மீ. படலம் 30 டிகிரியில் 511, 45 டிகிரியில் 468, 60 டிகிரியில் 421. கையில் இருப்பது அடுக்கு நிறம்தானா, வெறும் சிதறலா என்ற சந்தேகத்தைத் தீர்க்கவும் இந்தச் சாய்வுச் சோதனை உதவும்.

இங்கே 250 நானோமீட்டரை இலக்காக வைத்து எழுதுகிறோம். பச்சையைக் கண் எளிதில் பிடிக்கும், உருண்டை சீக்கிரம் அடியில் தங்கிவிடாது, அளவு கொஞ்சம் தப்பினாலும் நிறம் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள்தான் விழும்.

உருண்டை செய்தல்

மொத்தம் 100 மி.லி. கலவைக்கு: நீர் கலக்காத எத்தனால் 85 மி.லி., அயனி நீக்கிய தண்ணீர் 5 மி.லி., 25 சதவீத அமோனியாக் கரைசல் 6 மி.லி., டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் (சிலிக்கா தரும் மூலப்பொருள், இனி டி.இ.ஓ.எஸ்.) 3.8 மி.லி. அமோனியாக் கரைசலுக்குள் இருக்கும் தண்ணீரையும் சேர்த்தால் கலவையில் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மோல், அமோனியா 0.8 மோல், டி.இ.ஓ.எஸ். 0.17 மோல். பாட்டிலில் 28 அல்லது 30 சதவீதம் என்று இருந்தால் அதற்கேற்ப அமோனியாவைக் குறைத்து, குறைந்த தண்ணீரைத் தனியே சேர்க்க வேண்டும். பலமுறை திறந்து மூடிய அமோனியா பாட்டிலை நம்ப முடியாது. லேபிளில் 25 இருக்கும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது அமிலத்தால் டைட்ரேட் செய்தால்தான் தெரியும். இதே செய்முறையைப் பின்பற்றியும் ஒருவருக்கு நீலமும் இன்னொருவருக்குச் சிவப்பும் வருகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த பாட்டிலைத்தான்.

தூய எத்தனால் வாங்க நம் நாட்டில் கலால் அனுமதி வேண்டும் என்பதால் சிலர் ஐசோபுரோபனாலில் செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் உருண்டை பெரிதாகும், அளவுச் சிதறலும் கூடும். மெத்தனாலில் சிறிதாகும். ஆல்கஹாலை மாற்றினால் மேலே சொன்ன அளவுகள் செல்லாது, புதிதாக அளவு கட்ட வேண்டும்.

குடுவையைச் சோப்பால் கழுவி, பிறகு அயனி நீக்கிய நீரில் நன்றாக அலசி, கடைசியில் எத்தனாலில் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு ஒட்டியிருந்தால் உருண்டைகளின் மின்னூட்டம் மறைக்கப்பட்டு, வளரும்போதே இரண்டு இரண்டாக ஒட்டிக்கொள்ளும். இரட்டை உருண்டை பத்தில் ஒன்று இருந்தாலே அடுக்கு கெட்டுவிடும். பழைய சிலிக்காத் தூசு குடுவையில் தங்கியிருந்தாலும் ஆபத்துதான்: அது தனி வித்தாகி, அதாவது உருண்டை வளரத் தொடங்கும் நுண்துகளாகி, வேறு அளவில் வளரும்.

எத்தனாலில் பெரும்பகுதி, தண்ணீர், அமோனியா மூன்றையும் குடுவையில் ஊற்றி மேக்னெடிக் ஸ்டிரரில் மிதமான வேகத்தில் சுழல விடுங்கள். குடுவை 25 டிகிரி நீர்த்தொட்டிக்குள் இருக்கட்டும். வெப்பம் கூடினால் வித்துகள் அதிகம் பிறந்து, அதே டி.இ.ஓ.எஸ். பலருக்குப் பங்கு போய் உருண்டை சிறுத்துவிடும். நம்மூர் மே மாதத்து அறையில் நீர்த்தொட்டி இல்லாமல் செய்தால் பச்சை வராது, நீலம்தான் வரும். 10 மி.லி. எத்தனாலை ஒதுக்கி அதில் டி.இ.ஓ.எஸ்.ஸைக் கலந்து, அதையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக விடுவது இந்தக் கட்டத்தில் தவறு. எல்லா வித்துகளும் ஒரே நேரத்தில் பிறந்தால்தான் ஒரே அளவில் வளரும்.

சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். பிறகு விளிம்பில் மெல்லிய நீலச் சாயல், அடுத்து பால் வெண்மை. ஊற்றிய உடனே வெளுத்தால் டி.இ.ஓ.எஸ். பழையது, ஈரம் பட்டு ஏற்கெனவே சங்கிலி கட்டத் தொடங்கியிருக்கும். அந்தத் தொகுதியைத் தொடர்வதில் பயனில்லை. சரியாக வெளுத்தால் மூடி போட்டு இரவு முழுக்கச் சுழல விடலாம். டி.இ.ஓ.எஸ். ஆவி கண்ணை உறுத்தும். 46 டிகிரி வாக்கில் தீப்பற்றும் ஆவியும் தரும். ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரி), பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம்.

கழுவுதல்

வினை முடிந்ததும் கிடைக்கும் சிலிக்கா, கணக்கின்படி ஒரு கிராமுக்குச் சற்று மேல். கழுவலில் கொஞ்சம் போக 0.9 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்ட்ரிஃப்யூஜில் 2000 ஜி (புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு) விசையில் 20 நிமிடம் போதும். இதைவிட வேகமாகச் சுற்றினால் அடியில் கல்லாக இறுகி, திரும்பக் கலங்காது. மேல்திரவத்தைக் கொட்டி, புது எத்தனால் ஊற்றி, சோனிகேட்டரில் (மீயொலியால் கலக்கும் கருவி) 15 நிமிடம் வைத்துக் கலக்கி மறுபடியும் சுற்றுங்கள். அமோனியா நெடி போகும் வரை, வழக்கமாக நான்கைந்து முறை, இதைச் செய்ய வேண்டும்.

சென்ட்ரிஃப்யூஜ் இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. 250 நா.மீ. உருண்டை எத்தனாலில் தன் எடையால் ஒரு நாளைக்கு 3 மி.மீ. அளவுக்கு இறங்கும். 5 செ.மீ. உயரக் கலங்கல் இரண்டரை வாரத்தில் தெளியும். இந்த மெதுவான வழிக்கு ஒரு லாபமும் உண்டு: இரட்டை உருண்டைகளும் கட்டிகளும் முதலில் இறங்கிவிடும், இரண்டாம் சுற்றில் பிறந்த பொடிகள் கடைசி வரை மேலே நிற்கும். நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் அளவுச் சிதறல் நன்றாகவே குறையும். அவசரம் இல்லாதவர்களுக்கு சென்ட்ரிஃப்யூஜை விட இதையே சொல்வோம்.

அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் ஒரு சொட்டுச் சோதனை. கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்துக் காய விட்டு, அடியில் கறுப்புத் தாள் வைத்து, போன் டார்ச் ஒளியில் சாய்த்துப் பாருங்கள். பச்சைத் துணுக்குகள் மின்னினால் உருண்டைகள் ஒரே அளவு. எந்தக் கோணத்திலும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தால் அளவுச் சிதறல் அதிகம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல அடுக்கு வரும், 8 சதவீதத்தைத் தாண்டினால் அடுக்கவே மறுக்கும். வெள்ளையாக வந்த கலங்கலை வைத்துப் படலம் வார்க்கும் கட்டத்தில் என்ன வித்தை செய்தாலும் நிறம் வராது. செலவாகும் உழைப்பில் முக்கால்வாசி இந்தச் சொட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நிறம் தப்பினால் வளர்த்து எடுப்பது

சொட்டு நீலமாக, அதாவது 484 வாக்கில் இருந்தால் உருண்டை 220 நா.மீ. அதைக் குப்பையில் போட வேண்டாம், 250க்கு வளர்க்கலாம். கன அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் 250ஐ 220ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் 1.47. ஆகவே முதலில் போட்ட டி.இ.ஓ.எஸ்.ஸில் இன்னும் 47 சதவீதம், 1.8 மி.லி., வேண்டும். கழுவுவதற்கு முன் சில மி.லி. எடுத்து சொட்டுச் சோதனை செய்திருந்தால் அமோனியாவும் தண்ணீரும் குடுவையிலேயே இருக்கும், எதையும் மறுபடி சேர்க்க வேண்டாம். அந்த 1.8 மி.லி.யை நான்கு மடங்கு எத்தனாலில் கலந்து, மூன்று நான்கு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முன்பு ஒரே மூச்சில் ஊற்றியதற்கு நேர் எதிர் இது: இப்போது புது வித்து ஒன்றுகூடப் பிறக்கக் கூடாது. வேகமாக விட்டால் 30, 40 நா.மீ. பொடி பிறந்து பெரிய உருண்டைகளின் இடுக்கில் போய் உட்காரும்.

சிவப்பாக வந்ததைச் சிறிதாக்க வழியில்லை. அதனால் இலக்குக்குச் சற்றுக் கீழே குறிவைப்பதே நல்லது.

படலம் வார்த்தல்

1999இல் அமெரிக்க வேதியியலாளர் விக்கி கோல்வினின் ஆய்வுக் குழு, ஜியாங் முதல் ஆசிரியராக, வெளியிட்ட செங்குத்து வார்ப்பு முறைதான் இன்றும் மலிவானது: எத்தனாலில் கலக்கிய உருண்டைகளுக்குள் ஸ்லைடை நிறுத்தி வைத்து எத்தனாலை ஆவியாக விடுவது. ஸ்லைடோடு திரவம் ஒட்டும் வளைந்த விளிம்பில் ஆவியாதல் அதிகம். அந்த ஓட்டம் உருண்டைகளை இழுத்துக்கொண்டு வந்து விளிம்பில் வரிசையாகச் சேர்க்கும். மட்டம் இறங்க இறங்கப் படலம் கீழ்நோக்கி வளரும்.

ஸ்லைடு சுத்தம்தான் முதல் நிபந்தனை. சோப்பு, தண்ணீர், அடுத்து 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் 15 நிமிடம், மறுபடி அயனி நீக்கிய நீர், எத்தனால். கந்தக அமிலத்தோடு பெராக்சைடு சேர்க்கும் பிரான்யா கரைசல் இந்த வேலைக்குத் தேவையில்லை. ஆய்வகத்தில் கரிமக் கரைப்பான் பாட்டில்கள் திறந்திருக்கும் நாளில் அது வெடிக்கும் ஆபத்து. கழுவிய ஸ்லைடில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் திரளாமல் ஒரே தாளாகப் பரவ வேண்டும். திரண்டால் எண்ணெய் இருக்கிறது, அந்த இடத்தில் படலம் ஓட்டையாகும்.

20 மி.லி. கண்ணாடிக் குப்பியில் 1 சதவீத எடைக் கலங்கல் 15 மி.லி., அதாவது 12 கிராம் திரவத்தில் 0.12 கிராம் சிலிக்கா. ஒரு தொகுதி ஏழு குப்பிக்கு வரும். வைப்பதற்கு முன் சோனிகேட்டரில் அரை மணி நேரம் வைத்து, ஒரு மணி நேரம் நிற்க விட்டு, அடியில் தங்கிய கட்டியை விட்டு மேல்பகுதியை மட்டும் ஊற்றுங்கள். ஸ்லைடைச் செங்குத்தாகவோ சற்றே சாய்த்தோ நிறுத்தி, மேலே பெரிய பீக்கரைக் கவிழ்த்து, அடியில் காற்று போக ஒரு சிறு இடைவெளி விடுங்கள். இரண்டு மூன்று நாளில் வறண்டுவிடும்.

வைக்கும் இடம் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஃப்ரிட்ஜ் நிற்கும் மேசை, மின்விசிறிக்குக் கீழே, ஏ.சி. காற்று நேரே படும் மூலை எதுவும் ஆகாது. அதிர்வு வந்தால் திரவ விளிம்பு ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு பிறகு திடீரென்று சறுக்கும். படலத்தில் கிடைமட்டக் கோடுகள் விழும். ஒவ்வொரு கோடும் ஒரு கதவு சாத்தப்பட்ட நேரம் என்றுகூடச் சொல்லலாம். 400 நா.மீ.க்கு மேற்பட்ட உருண்டைகள் விளிம்புக்கு வரும் முன் அடியில் இறங்கிவிடும், அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

கலங்கல் அடர்த்தி கூடினால் அடுக்கு எண்ணிக்கை கூடும். 0.2 சதவீதத்தில் ஓரிரு அடுக்குகளே வந்து நிறம் மங்கும். பத்து அடுக்கு தாண்டினால் நிறம் நிறைந்துவிடும், அதற்கு மேல் போனால் விரிசல்தான் மிச்சம். ஆவியாக ஆவியாகக் கலங்கல் கெட்டியாவதால் ஸ்லைடின் மேல்பகுதி மெல்லியதாகவும் கீழ்ப்பகுதி தடித்தும் இருக்கும். நல்ல அடுக்கு நடுவில்தான் கிடைக்கும்.

விரிசல்

நுண்ணோக்கியில் பார்த்தால் வறண்ட வயல் போல விரிசல் தெரியாத ஓபல் படலம் அரிது. காரணம் ஈரம். புதிதாகச் செய்த உருண்டைக்குள் நுண்துளைகளும் தண்ணீரும் உண்டு. படலம் ஸ்லைடில் ஒட்டியபின் உருண்டைகள் காய்ந்து சுருங்கும், கண்ணாடி சுருங்காது, இழுப்பு தாங்காமல் பிளந்துவிடும். கண்ணுக்குப் பச்சையாகவே தெரியும் என்பதால் காட்சிக்கு வைக்க இது பிரச்சினை இல்லை. அளவீட்டுக்கோ வேறு பொருளை நிரப்பி வார்க்கும் அச்சாகவோ வேண்டுமென்றால் சுருங்குவதை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்: கழுவி உலர்த்திய பொடியை உலையில் 600 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டு, ஆறியபின் எத்தனாலில் மறுபடி கலக்கி வார்க்க வேண்டும். சுட்டதில் விட்டம் சில சதவீதம் குறையும், நிறம் நீலத்துக்கு நகரும். ஆரம்ப இலக்கை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். சுட்ட பொடி எளிதில் கலங்காது. மணிக்கணக்கில் சோனிகேட்டர் வேண்டும், அதன் பிறகும் ஒரு பகுதி கட்டியாகவே நிற்கும். உலர்பொடியைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள்.

பார்ப்பதும் அளப்பதும்

ஸ்லைடின் பின்பக்கம் கறுப்பு அக்ரிலிக் பூசுங்கள். பூசாவிட்டால் படலத்தின் ஊடே போய்ப் பின்னால் எதிரொளித்து வரும் வெள்ளை ஒளி பச்சையை மூழ்கடித்துவிடும். நிறமே வரவில்லை என்று வரும் புகார்களில் பல இந்தக் கறுப்போடு தீர்ந்துவிடுகின்றன.

வார்னிஷ், நெயில் பாலிஷ், எபாக்சி எதையும் படலத்தின் மேல் பூசிப் பாதுகாக்க நினைக்காதீர்கள். அவை இடுக்குகளுக்குள் புகுந்து காற்றை வெளியேற்றும். சிலிக்கா 1.45, எபாக்சி 1.55, வேறுபாடு இவ்வளவு குறைந்தால் எதிரொளிப்பு போய்விடும், திரும்பவும் வராது. இன்னொரு ஸ்லைடை மேலே வைத்து விளிம்பை மட்டும் ஒட்டுவதே வழி. எத்தனால் ஒரு சொட்டு மட்டும் தாராளமாக வைக்கலாம்: காற்றுக்குப் பதில் 1.36 எண் உள்ள திரவம் புகுவதால் பச்சை மங்கலான மஞ்சளாகி (கணக்கில் 583), படலம் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவுவதாக மாறும். அரை நிமிடத்தில் ஆவியாகிப் பச்சை திரும்பும். சாயமாக இருந்தால் இப்படி மாறாது.

அளவுக்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி வரிசையில் நிற்க வேண்டாம். பிரதிபலிப்பு உச்சியின் அலைநீளத்தை 2.2ஆல் வகுத்தால் விட்டம். ஒளிச்சிதறல் முறை, திரவத்தில் உருண்டையைச் சுற்றி ஒட்டி நகரும் படலத்தையும் சேர்த்து அளப்பதால் எப்போதும் கொஞ்சம் கூட்டியே சொல்லும். நிறமாலைக் கருவி இல்லையென்றால் டிவிடி துண்டு ஒன்றும் போன் கேமராவும் போதும். டிவிடியின் தடங்கள் 740 நா.மீ. இடைவெளியில் உள்ளவை, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நல்ல கிரேட்டிங். பழைய சி.எஃப்.எல். விளக்கின் பாதரசக் கோடுகள் 436, 546இல் விழும்; அவற்றை வைத்து அளவுகோலைக் கட்டலாம். உச்சியின் அகலம் 30 முதல் 40 நா.மீ. இருந்தால் அடுக்கு நன்று. 80க்கு மேல் பரவினால் அடுக்கு சிறு சிறு துண்டுகளாக உடைந்திருக்கிறது. மழை நாளில் அளந்ததும் வெயில் நாளில் அளந்ததும் பொருந்தாது, இடுக்கில் ஒடுங்கும் ஈரம் உச்சியை நகர்த்தும். 150 டிகிரி அடுப்பில் வைத்து ஆறியவுடன் அளந்தால் ஒப்பிடலாம்.

லேசர் சுட்டியை ஊடே விட்டு அறுகோணமாக ஆறு புள்ளிகளை எதிர்பார்ப்பவர்களும் உண்டு. 250 நா.மீ.யில் எந்த நிற லேசரிலும் அது வராது. அலைநீளம் விட்டத்தில் 0.866 பங்குக்குக் கீழே இருந்தால்தான் நேராக விழும் கற்றை பக்கவாட்டில் பிரிந்து விலகும்: ஊதா 405க்கே உருண்டை 470 ஆக வேண்டும், சிவப்பு 650க்கு 750.

இந்தப் படலம் எல்லாத் திசையிலும் ஒளியைத் தடுக்காது. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு நிறத்தை மட்டும் தடுக்கும். எல்லாத் திசையிலும் அடைக்க, இடுக்குகளில் 2.8க்கு மேல் ஒளிவிலகல் எண் உள்ள பொருளை நிரப்பி உருண்டைகளைக் கரைத்து எடுத்த தலைகீழ் ஓபல் வேண்டும். 2000இல் சிலிக்கானில் அதைச் செய்துகாட்டினார்கள், ஆனால் 1.5 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிலிக்கான் ஒளியை விழுங்கிவிடும், டைட்டானியாவின் எண் பெரும்பாலும் 2.8ஐ எட்டாது.

மீந்த கலங்கலை மூடி இறுகிய பாட்டிலில் எத்தனாலிலேயே வையுங்கள், மாதக்கணக்கில் கெடாது. எடுக்கும்போது சோனிகேட்டரில் வைத்து மறுபடி சொட்டுச் சோதனை செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முதல் கழுவல் திரவத்தில் அமோனியாவும் வினையாகாத டி.இ.ஓ.எஸ்.ஸும் இருக்கும். அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் சிலிக்கா ஜெல் கட்டி அடைக்கும். கரைப்பான் கழிவு கேனில்தான் போட வேண்டும்.